கீழே இருப்பவர் வாய் திறக்கலாமா? பல்தேசியக் கம்பனிகளின் பண்பாடும் இலாப நட்டமும்

நுகேகொடையைச் சுற்றிப் பட்டதாரிகளுக்குக் குறைவில்லை. கங்கொடவிலவில் ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகம், நாவலவில் திறந்த பல்கலைக்கழகம். இரண்டிலும் முகாமைத்துவம் படித்து வெளியேறுகிறவர்கள் ஹைலெவல் வீதியில் பஸ் ஏறிக் கொழும்பின் பல்தேசியக் கம்பனிகளுக்கு வேலைக்குப் போகிறார்கள். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் அதே வயதுப் பிள்ளைகள் அதே கம்பனிகளுக்குத்தான் விண்ணப்பிக்கிறார்கள். சேர்ந்து ஆறு மாதம் போனதும் வீட்டில் வந்து சொல்வதில் சம்பளத்துக்கு இணையாக இன்னொன்றும் இருக்கும். "அங்க கல்ச்சர் நல்லம்" என்பார்கள். இல்லாவிட்டால் "கல்ச்சர் சரியில்லை, வேற இடம் பார்க்கப் போறன்" என்பார்கள்.

அவர்கள் எதைக் குறிக்கிறார்கள்? அது கம்பனியின் இலாப நட்டத்தைத் தொடுமா? ஒரு நாட்டில் பிறந்த கம்பனி இன்னொரு நாட்டில் கால் வைக்கும்போது அதன் பண்பாடு என்ன ஆகிறது? இம்மூன்று கேள்விகளுக்கும் முடிந்தவரை எளிமையாக இங்கே விடை தேடுவோம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு கம்பனியில் பிழை நேர்ந்தால், அதை முதலில் காண்பவர் பெரும்பாலும் கீழ்ப்படியில் இருப்பவர். அவர் அதை மேலே சொல்லலாமா, சொன்னால் அவருக்கு என்ன நடக்கும் என்பதில்தான் அந்தக் கம்பனியின் பண்பாடு வெளிப்படுகிறது. பல்தேசியக் கம்பனியில் மேலுக்கும் கீழுக்கும் நடுவே கடலும் மொழியும் வந்து நிற்கின்றன. அதனால் அங்கே இந்தக் கேள்வியின் விலை இன்னும் அதிகம்.

கண்ணுக்குத் தெரிவதும் தெரியாததும்

அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் நெடுங்காலம் கற்பித்த எட்கார் ஷைன், 1985இல் வெளியிட்ட நூலில் நிறுவனப் பண்பாட்டை மூன்று அடுக்குகளாகப் பிரித்தார். இன்றும் முகாமைத்துவ மாணவர்கள் முதலில் படிப்பது இதைத்தான்.

மேல் அடுக்கு கண்ணுக்குத் தெரிவது: அலுவலகம் எப்படி இருக்கிறது, யார் என்ன உடுத்துகிறார்கள், முகாமையாளரைப் பெயர் சொல்லி அழைக்கிறார்களா, "சேர்" என்கிறார்களா. நடு அடுக்கு கம்பனி தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வது: வரவேற்பறைச் சுவரில் இருக்கும் நோக்கம், விழுமியம், நன்னடத்தைக் கோவை. அடி அடுக்கு எங்கும் எழுதியிருக்காது. ஊழியர்கள் அனுபவத்தால் கற்றுக்கொண்டு, பிறகு யோசிக்காமலே பின்பற்றும் நம்பிக்கைகள் அங்கே இருக்கின்றன.

கொழும்பில் எத்தனையோ அலுவலகங்கள் "என் கதவு எப்போதும் திறந்திருக்கும்" என்று அறிவிக்கின்றன. கதவும் உண்மையில் திறந்தே இருக்கும். ஆனால் தன் சுப்பவைசரைத் தாண்டி அந்தக் கதவுக்குள் போனவருக்கு அடுத்த மதிப்பீட்டில் என்ன நடந்தது என்பதை எல்லோரும் பார்த்திருப்பார்கள். அதன் பிறகு யாரும் போகமாட்டார்கள். சுவரில் எழுதியது ஒன்று, ஊழியர் கற்ற பாடம் வேறு. நாளாந்த வேலையை நடத்துவது அந்தப் பாடம்தான். ஆகவே கம்பனியின் பண்பாட்டை அறிய விரும்புகிறவர், யார் எதற்காகப் பதவி உயர்ந்தார், யார் எதற்காக ஒதுக்கப்பட்டார் என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

அதே ஆட்கள், அதே கட்டடம், வேறு விளைவு

பண்பாடு விளைவை மாற்றும் என்பதற்கு ஆதாரம் காட்டுவது எளிதன்று. நல்ல கம்பனியில் நல்ல ஆட்கள் சேர்ந்திருப்பார்கள், நல்ல இயந்திரம் இருக்கும், சந்தையும் கைகொடுத்திருக்கும். எது எதனால் வந்தது என்று பிரிப்பது கடினம். அதனால்தான் கலிபோர்னியாவின் ஃபிரீமொண்ட் நகரில் நடந்தது இத்துறையில் இவ்வளவு பேசப்படுகிறது.

அங்கே ஜெனரல் மோட்டர்ஸ் கம்பனிக்குக் கார் தொழிற்சாலை ஒன்று இருந்தது. நாளொன்றுக்கு ஐந்தில் ஒருவர் அளவில் வேலைக்கு வரமாட்டார்கள். நிர்வாகத்துக்கும் தொழிற்சங்கத்துக்கும் தீராத பகை. காரின் தரமும் மோசம். 1982இல் அதை மூடினார்கள். 1984இல் டொயோட்டாவும் ஜெனரல் மோட்டர்ஸும் கூட்டாக அதே தொழிற்சாலையைத் திறந்தன. கூட்டுக் கம்பனியின் பெயர் நம்மி. நடத்தும் பொறுப்பு டொயோட்டாவுக்கு. முதலில் எடுத்த ஊழியர்களில் ஏறத்தாழ 85 சதவீதமானோர் பழைய தொழிற்சாலையில் வேலை செய்தவர்களே. தொழிற்சங்கமும் அதே சங்கம். சில ஆண்டுகளுக்குள் அங்கிருந்து வந்த கார்களின் தரம் ஜப்பானியத் தொழிற்சாலையின் தரத்தை நெருங்கியது. வேலைக்கு வராதவர் வீதம் 2 சதவீத அளவுக்கு இறங்கியது.

மாறியது என்ன? பழைய காலத்தில் உற்பத்தி வரிசையை நிறுத்துவதுதான் மன்னிக்க முடியாத குற்றம். பிழையோடு கார் போனாலும் போகட்டும், வரிசை ஓட வேண்டும். டொயோட்டா முறையில் ஒவ்வொருவர் தலைக்கு மேலும் ஒரு கயிறு தொங்கியது. சிக்கல் என்றால் இழுக்க வேண்டும். இழுத்ததும் குழுத் தலைவர் ஓடி வந்து உதவுவார். குறித்த நேரத்துக்குள் தீராவிட்டால் வரிசை நிற்கும். இழுத்தவரை யாரும் ஏசுவதில்லை. குழுத் தலைவர்களாக வரவிருந்த நூற்றுக்கணக்கானோரை ஜப்பானுக்கு அனுப்பி, இதை அங்குள்ள தொழிலாளர்களோடு நின்று செய்து பழக வைத்தார்கள். இன்னொன்றும் நடந்தது. 1980களின் பிற்பகுதியில் விற்பனை விழுந்து ஆட்கள் மிஞ்சியபோது, வேலைநீக்கம் செய்யமாட்டோம் என்று தந்த வாக்கை நம்மி காப்பாற்றியது. மிஞ்சியவர்களைப் பயிற்சிக்கும் பராமரிப்பு வேலைக்கும் அனுப்பியது. கயிற்றை இழுக்கலாம் என்று தொழிலாளர் மனதார நம்பியதற்கு இதுவும் ஒரு காரணம்.

அந்தப் பயிற்சியில் பங்கெடுத்த ஜோன் ஷுக் என்ற டொயோட்டா முகாமையாளர் பிற்காலத்தில் இதிலிருந்து ஒரு முடிவுக்கு வந்தார். மனத்தை மாற்றினால் நடத்தை மாறும் என்று காத்திருக்காதீர்கள். செய்யும் முறையை மாற்றுங்கள், மனம் பின்னால் வரும் என்பது அதன் சாரம்.

ஜெனரல் மோட்டர்ஸ் இதே முறையைத் தெற்குக் கலிபோர்னியாவில் இருந்த வான் நைஸ் தொழிற்சாலையிலும் புகுத்திப் பார்த்தது. அங்கே தொழிலாளரில் ஒரு பகுதியினரும் நம்பவில்லை, மேலதிகாரிகளில் பலரும் தங்கள் அதிகாரத்தை விட்டுக்கொடுக்கவில்லை. முறை வேரூன்றவில்லை. 1992இல் அந்தத் தொழிற்சாலை மூடப்பட்டது. முறைகளை எழுதி எடுத்துப் போவது சுலபம், நம்பிக்கையை அப்படி எடுத்துப் போக முடியாது.

பண்பாடு பணமாவது எப்படி

கணக்கியல் படித்தவர்கள் இந்த இடத்தில் ஒரு நியாயமான கேள்வி கேட்பார்கள்: இது ஐந்தொகையில் எந்த வரியில் வருகிறது? நேரடியாக எந்த வரியிலும் வராது. ஆனால் நான்கு வழிகளில் உள்ளே நுழைகிறது.

முதலாவது, பிழையின் செலவு. ஆடைத் தொழிற்சாலையில் வெட்டும் மேசையில் அளவு தவறினால், அதை முதல் பத்து உருப்படிக்குள் கண்டால் இழப்பு சில நிமிடம். "டார்கட் போய்விடும்" என்று பயந்து யாரும் சொல்லாவிட்டால், கடைசிச் சோதனையில்தான் தெரியவரும். அப்போது திருத்தி முடிக்கையில் கப்பல் போயிருக்கும். பொருளை விமானத்தில் அனுப்பும் செலவு தொழிற்சாலையின் தலையில் விழும். ஒரு ஓடரின் இலாபம் முழுவதும் அதிலேயே கரையும்.

இரண்டாவது, ஆட்கள் விலகுவது. ஒரு மெஷின் ஒப்பரேட்டரோ மென்பொருள் பொறியியலாளரோ முழு வேகத்துக்கு வர மாதங்கள் ஆகும். அவர் விலகினால் அந்த மாதங்களின் செலவும் அவர் தலையில் இருந்த அறிவும் சேர்ந்தே வெளியேறுகின்றன. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு படித்த இளைஞர் கூட்டங்கூட்டமாக வெளிநாடு போனபோது கொழும்புக் கம்பனிகள் இதை நன்றாகவே உணர்ந்தன. எல்லோரையும் பண்பாட்டால் பிடித்து வைக்க முடியாது. ஆனால் இரண்டு கம்பனிகள் ஒரே சம்பளம் கொடுக்கும்போது, மதிப்போடு நடத்தும் கம்பனியை விட்டுப் போகிறவர் சற்றுக் குறைவு.

மூன்றாவது, தூரத்தின் செலவு. நியூயோர்க்கில் காலை ஒன்பது மணி என்றால் கொழும்பில் மாலை ஆறரை அல்லது இரவு ஏழரை. தொலைபேசிக் கூட்டத்தில் அங்கிருப்பவர் "வெள்ளிக்குள் முடியுமா?" என்று கேட்கிறார். முடியாது என்று தெரிந்தும் இங்கிருப்பவர் மரியாதைக்காக "ஓம்" என்கிறார். அவர் வாக்குக் கொடுத்ததாக அங்கே எழுதிக்கொள்கிறார்கள். இங்கே அவர் "கேட்டுக்கொண்டேன்" என்ற அளவில் சொல்லியிருக்கிறார். வெள்ளிக்கிழமை வரும்போது இருவருமே மற்றவரை நம்ப முடியாது என்று முடிவு கட்டுகிறார்கள். எத்தனையோ ஒப்பந்தங்கள் திறமைக் குறைவால் அல்ல, இப்படித்தான் கைவிட்டுப் போகின்றன.

நான்காவது, மாறும் ஆற்றல். ஹார்வர்டைச் சேர்ந்த ஜோன் கொட்டரும் ஜேம்ஸ் ஹெஸ்கட்டும் 207 கம்பனிகளை ஆராய்ந்து 1992இல் வெளியிட்ட நூலில் கவனிக்க வேண்டிய ஒரு முடிவு உண்டு. பண்பாடு வலுவாக இருந்தால் மட்டும் கம்பனி நன்றாக ஓடும் என்பதற்கில்லை; அந்தத் தொடர்பு சொற்பமே. வலுவான பண்பாடு கம்பனியைத் தவறான திசையிலும் ஒற்றுமையாக நடத்திச் செல்லும். நீண்டகாலம் நன்றாக ஓடியவை வாடிக்கையாளர், ஊழியர், பங்குதாரர் ஆகிய மூன்று தரப்பையும் மதித்து, சூழல் மாறும்போது தம்மை மாற்றிக்கொண்டவை. மாறுவதற்கு முதலில் செய்தி மேலே போக வேண்டும். இங்கேயும் கீழே இருப்பவர் வாய் திறக்கலாமா என்ற கேள்விக்கே வந்து சேர்கிறோம்.

எல்லை தாண்டும்போது

நெதர்லாந்தின் கீர்ட் ஹொஃப்ஸ்டெட் ஐ.பி.எம். கம்பனியில் ஆராய்ச்சிப் பொறுப்பில் இருந்தவர். 1967க்கும் 1973க்கும் இடையில் பல நாடுகளில் இருந்த ஐ.பி.எம். ஊழியர்களிடம் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட வினாக்கொத்துகள் நிரப்பப்பட்டன. அவற்றை வைத்து 1980இல் அவர் எழுதிய நூல் உலகப் புகழ் பெற்றது. ஒரே கம்பனி, ஒரே விதிகள், ஒரே மாதிரி வேலை. ஆனாலும் மேலதிகாரியை எதிர்த்துப் பேசலாமா, நிச்சயமின்மையைத் தாங்க முடியுமா என்பவற்றில் விடைகள் நாட்டுக்கு நாடு வேறுபட்டன. ஒரு கம்பனியின் ஊழியரை வைத்து ஒரு நாட்டையே அளக்கலாமா என்று அவரை மறுத்தவர்களும் உண்டு. அவர்களுடைய மறுப்பில் நியாயமும் உண்டு.

பலர் கவனிக்காமல் விடுவது அவரும் சகாக்களும் 1990இல் வெளியிட்ட இரண்டாவது ஆய்வை. டென்மார்க்கிலும் நெதர்லாந்திலும் இருந்த பத்து நிறுவனங்களின் இருபது பிரிவுகளை ஒப்பிட்டபோது, நாடுகளைப் பிரிப்பது ஆழ்ந்த விழுமியங்கள் என்றும், நிறுவனங்களைப் பிரிப்பது பெரும்பாலும் நாளாந்த நடைமுறைகள் என்றும் தெரிந்தது. பல்தேசியக் கம்பனிக்கு இது நல்ல செய்தி. ஊழியர் சிறு வயதில் வீட்டிலும் பள்ளியிலும் பெற்றதைக் கம்பனியால் மாற்ற முடியாது. மாற்ற முயலவும் தேவையில்லை. ஆனால் கூட்டம் எப்படி நடக்கிறது, பிழையை எப்படி அறிவிப்பது, யார் முடிவெடுப்பது என்பவற்றை மாற்றலாம். பெரியவரை எதிர்த்துப் பேசக்கூடாது என்று வளர்ந்த பிள்ளைக்குக் கூட, பேசாமலே கயிற்றை இழுக்கச் சொல்லிக் கொடுக்கலாம்.

இந்த வேறுபாட்டை அறியாமல் போனவர்களுக்கு ஜேர்மனியில் வால்மார்ட் நல்ல பாடம். 1997இல் அங்கே கடைச் சங்கிலிகளை வாங்கி நுழைந்தது. முதல் தலைவர் அமெரிக்காவிலிருந்து வந்தவர், ஜேர்மன் மொழி தெரியாதவர். காலையில் ஊழியர்கள் கூடிக் கம்பனிக் கோஷம் எழுப்புவது, வாடிக்கையாளரைப் பார்த்துப் புன்னகைப்பது, பொருட்களைப் பையில் போட்டுக் கொடுப்பது என்று அமெரிக்காவில் பலித்த எல்லாம் அப்படியே வந்தன. ஜேர்மனியர் பலருக்கு அவை ஒட்டவில்லை. 2005இல் அறிமுகப்படுத்திய நன்னடத்தைக் கோவை ஊழியரின் காதல் உறவுகள் வரை கை நீட்டியது. ஊழியர் மன்றத்தைக் கலந்து பேசவில்லை என்று வழக்குப் போட்டார்கள். நீதிமன்றம் ஊழியர் பக்கம் நின்றது. 2006இல் வால்மார்ட் 85 கடைகளை மெட்ரோ கம்பனிக்கு விற்று வெளியேறியது. வெளியேறிய செலவு மட்டும் ஏறத்தாழ ஒரு பில்லியன் டொலர். ஜேர்மனியில் ஏற்கெனவே மலிவு விலைக் கடைகள் வலுவாக இருந்தன. தோல்விக்கு அதுவும் பெரிய காரணம். ஆனால் "இது இங்கே ஓடாது" என்று கடையில் நின்ற ஊழியர் அறிந்திருந்தது தலைமையகத்தின் காதில் ஏற எடுத்த காலம் மிக அதிகம்.

இலங்கை ஆடைத் தொழிலின் அனுபவம்

நமக்குக் கைக்கெட்டும் தூரத்திலும் ஒரு பாடம் இருக்கிறது. எம்.ஏ.எஸ். ஹோல்டிங்ஸை 1987இல் மகேஷ், அஜய், ஷரத் அமலீன் என்ற சகோதரர் மூவர் தொடங்கினார்கள். ஜேர்மனியின் ட்ரையம்ப் கம்பனியோடும், விக்டோரியாஸ் சீக்ரெட் ஆடைகளுக்காகக் கொள்முதல் செய்த அமெரிக்காவின் மாஸ்ட் இண்டஸ்ட்ரீஸோடும் கூட்டுச் சேர்ந்து பெண்களின் உள்ளாடை தைக்கும் நுட்பத்தைக் கற்றார்கள். சட்டை தைப்பதை விட அது நுணுக்கமான வேலை. சிறு சிறு துண்டுகள் பல. மில்லிமீற்றர் தவறினாலும் உடுத்துபவருக்குத் தெரியும். பழகிய கை இல்லாமல் செய்ய முடியாது. பழகிய கை நிலைத்திருக்க வேண்டும்.

அந்தக் காலத்து நிலைமையை நினைவில் கொள்ள வேண்டும். 1978இல் திறந்த கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயத்துக்குத் தூரத்துக் கிராமங்களிலிருந்து பெண்கள் வந்து, சிறு போடிங் அறைகளில் நெருங்கிக் கிடந்தார்கள். தையல் இயந்திரத்தின் பெயரால் அவர்களை "ஜூக்கி" என்று ஊர் கேலி செய்தது. திருமண விளம்பரத்தில் கூட அது குறையாக எண்ணப்பட்டது. எம்.ஏ.எஸ். தன் தொழிற்சாலைகளில் பலவற்றைப் பன்னல போன்ற ஊர்ப்புறங்களில் அமைத்தது. 1992இல் ஜனாதிபதி பிரேமதாசவின் அரசாங்கம் தொடங்கிய 200 ஆடைத் தொழிற்சாலைத் திட்டமும் தொழிலைக் கிராமங்களுக்குத் தள்ளியது. பெண் காலையில் கம்பனி பஸ்ஸில் போய் மாலையில் வீடு திரும்பலாம் என்றானது. பெற்றோரின் பயம் குறைந்தது. பழகிய கைகள் தங்கின.

2003இல் "விமன் கோ பியோண்ட்" என்ற திட்டத்தை அந்தக் கம்பனி தொடங்கியது. ஆங்கிலம், கணினி, வீட்டுச் செலவுக் கணக்கு, பெண்களின் உடல்நலம், குடும்ப வன்முறை பற்றிய விழிப்பு ஆகியவற்றில் பயிற்சி. சிறந்து விளங்கிய பெண்களுக்குப் பகிரங்கப் பாராட்டு. இதில் விளம்பரமும் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் ஊர் கேலி செய்த வேலைக்கு மதிப்புத் தேடிக் கொடுத்தது, அந்தப் பெண் தொழிற்சாலைக்குள் தலை நிமிர்ந்து பேசுவதற்கு அடித்தளம் போட்டது. தன்னை மதிக்காத இடத்தில் யாரும் பிழையைச் சுட்டிக்காட்டமாட்டார்கள்.

நாட்டுக்கு நாடு ஏற்றுமதி வரம்பு வைத்த உலக ஆடை வணிக ஒதுக்கீட்டு முறை 2005 சனவரியில் முடிவுக்கு வந்தது. இனிச் சீனாதான், இலங்கை நின்று பிடிக்காது என்று பலர் நினைத்தார்கள். நின்று பிடித்தது. 2006இல் இத்துறை "குற்ற உணர்வற்ற ஆடைகள்" என்ற பொருளில் உலகளாவிய பிரசாரம் ஒன்றைத் தொடங்கி, ஊழியரை நடத்தும் விதத்தையே சந்தைப் பெயராக்கியது. 2008இல் துல்ஹிரியவில் மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சருக்காக எம்.ஏ.எஸ். கட்டிய துருலி தொழிற்சாலை சுற்றுச்சூழல் தரத்துக்காக உலகக் கவனம் பெற்றது. ஐரோப்பாவின் ஜி.எஸ்.பி. பிளஸ் தீர்வைச் சலுகையும் 2005 முதல் 2010 வரை கைகொடுத்தது. இழந்த சலுகை 2017இல் திரும்பியது. இன்று ஆடை ஏற்றுமதி ஆண்டுக்கு ஏறத்தாழ 5 பில்லியன் டொலர். இதையெல்லாம் பண்பாடு மட்டும் ஈட்டித் தந்தது என்று நான் சொல்லவில்லை. நுணுக்கமான பொருளை, நேரம் தவறாமல், சந்தேகமில்லாமல் வாங்கலாம் என்று வெளிநாட்டு வாடிக்கையாளர் நம்பியதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு.

தொழிற்சங்கங்களும் ஆய்வாளர்களும் இந்தப் பிரசாரத்தைக் கேள்வி கேட்டிருக்கிறார்கள். சம்பளம் வாழப் போதுமா, சங்கம் அமைக்கும் உரிமை எல்லாத் தொழிற்சாலையிலும் உண்டா என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்விகள் இன்றும் உயிரோடு இருக்கின்றன. வாய் திறக்கும் உரிமை என்றால் அது தையல் பிழையோடு நின்றுவிட முடியாது. சம்பளத்தைப் பற்றியும் பேசலாம் என்றால்தான் அது உரிமை.

தமிழ் வாசகருக்கு இக்கதையில் இன்னும் நெருக்கமான ஒரு பகுதி உண்டு. போர் முடிந்த பின் எம்.ஏ.எஸ். கிளிநொச்சியில் வானவில், விடியல் என்ற பெயர்களில் தொழிற்சாலைகளைத் திறந்தது. மற்றக் கம்பனிகளும் வவுனியாவுக்கும் மட்டக்களப்புக்கும் போயின. வீட்டையும் உறவையும் இழந்து மீண்ட பெண்கள் அங்கே வரிசையில் அமர்ந்தார்கள். வடக்கு, கிழக்கு, மலையகம் எங்கும் பொதுவான சிக்கல் ஒன்று இங்கே கூர்மையாகத் தெரிகிறது: தையல் வரிசையில் தமிழ், முகாமையாளர் கூட்டத்தில் சிங்களமும் ஆங்கிலமும், வாடிக்கையாளருக்குப் போகும் மின்னஞ்சலில் ஆங்கிலம் மட்டும். ஒரு ஒப்பரேட்டர் கண்ட பிழை மூன்று மொழிகளைத் தாண்டிப் போக வேண்டும். தமிழில் பேசும் சுப்பவைசரும், தமிழில் எழுதிய அறிவுறுத்தலும், தமிழில் முறையிடும் வழியும் இல்லாத இடத்தில் "எங்கள் ஊழியர் எதையும் சொல்வதில்லை" என்று முகாமையாளர் குறைப்படுவது நியாயமாகாது.

காட்சி இன்னொரு விதத்திலும் மாறியிருக்கிறது. எம்.ஏ.எஸ். இன்று இந்தியா, பங்களாதேஷ், இந்தோனேசியா, ஜோர்தான் எனப் பல நாடுகளில் ஆடை தைக்கிறது. இன்னொரு இலங்கை ஆடைக் கம்பனியான பிராண்டிக்ஸ் ஆந்திராவின் விசாகப்பட்டினத்துக்கு அருகே அச்சுதாபுரத்தில் ஆயிரம் ஏக்கரில் ஆடை நகரம் நடத்துகிறது. இலங்கையின் ஹேலா கம்பனி கென்யாவுக்கும் எத்தியோப்பியாவுக்கும் போனது. அங்குள்ள தொழிலாளிக்குத் தூரத்துத் தலைமையகம் என்றால் அது கொழும்பு. நாம் ஜேர்மனியரிடமும் அமெரிக்கரிடமும் எதிர்பார்த்த பொறுமையையும் மரியாதையையும் இப்போது நாம் தெலுங்குப் பெண்ணுக்கும் கென்யப் பெண்ணுக்கும் காட்ட வேண்டிய இடத்தில் இருக்கிறோம்.

மென்பொருளில் இன்னொரு வழி

ஆடைத் துறைக்கு வெளியே ஒரு சான்று. டபிள்யூ.எஸ்.ஓ.2 கம்பனியை 2005இல் சஞ்சீவ வீரவரணவும் நண்பர்களும் தொடங்கினார்கள். அவர் அதற்கு முன் ஐ.பி.எம். ஆராய்ச்சிக் கூடத்தில் இருந்தவர். அப்பாச்சி என்ற திறந்த மூல மென்பொருள் சமூகத்தில் பழகியவர். அந்தச் சமூகத்தில் வாதத்தின் தரத்துக்குத்தான் மதிப்பு, பதவிக்கு இல்லை. அந்தப் பழக்கத்தை அவர் கம்பனிக்குள் கொண்டு வந்தார். மென்பொருள் எப்படி வடிவமைக்கப்பட வேண்டும் என்ற விவாதங்கள் வெளியாரும் படிக்கக்கூடிய பகிரங்க மின்னஞ்சல் குழுக்களில் நடந்தன. பல்கலைக்கழகத்தை விட்டு அப்போதுதான் வந்தவரும் தலைவரின் கருத்தை எல்லோர் முன்னிலையிலும் மறுத்து எழுதலாம். நேரில் "சேர், நீங்கள் சொல்வது பிழை" என்று சொல்லக் கூசுபவருக்கும் எழுத்தில் காரணம் காட்டுவது எளிது. கொழும்பில் எழுதிய அந்த மென்பொருளை ஈபே போன்ற உலகக் கம்பனிகள் பயன்படுத்தின. 2024இல் சுவீடனைத் தலைமையகமாகக் கொண்ட ஈ.கியூ.டி. முதலீட்டு நிறுவனம் டபிள்யூ.எஸ்.ஓ.2ஐ வாங்கியது. நம் சமூகத்தின் மரியாதைப் பழக்கத்தை உடைக்காமலே, மாற்றுக் கருத்துக்கு ஒரு பாதை திறக்கலாம் என்பதை அந்த இருபது ஆண்டுகள் காட்டுகின்றன.

பண்பாட்டால் முடியாதவை

இவ்வளவும் சொன்ன பிறகு, எச்சரிக்கை இரண்டு.

ஒன்று, காரணமும் விளைவும் எளிதில் இடம் மாறும். இலாபம் வரும் கம்பனியில் எல்லோர் முகத்திலும் சிரிப்பு இருக்கும், போனஸ் வரும், பத்திரிகைகள் அதன் பண்பாட்டைப் புகழும். அதே கம்பனி சறுக்கினால் அதே பழக்கங்களைப் பிடிவாதம் என்று எழுதுவார்கள். ஆகவே வெற்றி பெற்றவர்களின் நேர்காணலை மட்டும் வைத்துப் பண்பாட்டைப் படிக்கக் கூடாது.

இரண்டு, உடைமையும் அதிகாரமும் பண்பாட்டை விடப் பலமானவை. 1998இல் எமிரேட்ஸ் அன்றைய எயார் லங்காவின் 40 சதவீதப் பங்கை வாங்கிப் பத்தாண்டு முகாமைத்துவப் பொறுப்பையும் ஏற்றது. ஸ்ரீலங்கன் என்ற புதுப் பெயர், புது விமானங்கள், புது நடைமுறைகள் வந்தன. 2007 டிசெம்பரில், இலண்டனிலிருந்து திரும்பும் ஜனாதிபதி மகிந்த ராஜபக்சவின் குழுவினருக்கு இடம் கொடுப்பதற்காக ஏற்கெனவே இடம் பதிந்த பயணிகளை இறக்க விமான சேவை மறுத்தது. அதைத் தொடர்ந்து தலைமை நிறைவேற்று அதிகாரி பீட்டர் ஹில்லின் வேலை விசாவை அரசாங்கம் இரத்துச் செய்தது என்று அன்றைய பத்திரிகைகள் எழுதின. 2008 மார்ச்சில் முகாமைத்துவ ஒப்பந்தம் முடிந்தது. 2010இல் எமிரேட்ஸின் பங்குகளை அரசாங்கம் திரும்ப வாங்கியது. பின் வந்த ஆண்டுகளில் அந்த விமான சேவையின் நட்டம் நாட்டு மக்கள் சுமக்கும் கடனாகவே வளர்ந்தது. காசு கட்டிய பயணிக்கு முதலிடம் என்ற விதி, சொந்தக்காரர் மதிக்கும் வரைதான் விதி. அவர் மீறிய நாளில் கீழே உள்ள எல்லோரும் புதுப் பாடம் கற்றுக்கொள்கிறார்கள்.

வேலைக்குப் போகிறவரும் வேலை வாங்குகிறவரும்

நேர்முகப் பரீட்சைக்குப் போகும் பிள்ளைகளுக்குச் சொல்ல விரும்புவது இது. கம்பனியின் விழுமியங்கள் என்னவென்று கேட்க வேண்டாம். அவை இணையத்தில் இருக்கும். கடைசியாக நடந்த பெரிய பிழை என்ன, அதை முதலில் சொன்னவர் யார், அவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று கேளுங்கள். வெளிநாட்டுத் தலைமையகம் எடுத்த முடிவு ஏதாவது கொழும்பிலிருந்து போன மறுப்பால் மாறியிருக்கிறதா என்று கேளுங்கள். இவற்றுக்குத் தயங்காமல் விடை வந்தால் அந்த இடத்தில் நீங்கள் வளரலாம். அங்கே ஏற்கெனவே வேலை செய்கிறவர் யாரையாவது தெரிந்தால், அவரிடம் தனியாகக் கேட்பது இன்னும் நல்லது.

முகாமையாளராக இருப்பவர்களுக்கும் ஒன்று. பண்பாட்டை மாற்றப் பயிற்சிப் பட்டறை வைப்பதற்கு முன், உங்கள் இடத்தில் கயிறு எது என்று பாருங்கள். மாலைக் கூட்டத்தில் மிக இளையவர் முதலில் பேசும் வழக்கமாக இருக்கலாம். தமிழிலும் சிங்களத்திலும் எழுதிப் போடக்கூடிய முறைப்பாட்டுப் படிவமாக இருக்கலாம். "முடியாது" என்று சொல்லும் ஊழியரிடம் "எப்போது முடியும், என்ன உதவி வேண்டும்" என்று கேட்கும் பழக்கமாக இருக்கலாம். சிறிதாக இருக்கட்டும், ஆனால் முதல் முறை ஒருவர் அதை இழுக்கும்போது ஓடி வந்து உதவுங்கள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்த ஒரு நாளில் நீங்கள் நடந்துகொள்ளும் விதத்தை வைத்துத்தான் அடுத்த பல ஆண்டுகள் அவர்கள் பேசுவதா மௌனமாக இருப்பதா என்று முடிவெடுப்பார்கள்.

பல்தேசியக் கம்பனிகள் நம் நாட்டுக்கு மூலதனத்தோடு வருகின்றன, நம் கம்பனிகள் பிற நாடுகளுக்கு அதையே கொண்டு போகின்றன. மூலதனத்தை யாரும் கொண்டு வரலாம். கடைசி வரிசையில் தைக்கும் பெண் தன் மொழியில், பயமில்லாமல், "இது பிழை" என்று சொல்லும் நிலையை உண்டாக்குவதுதான் கடினம். அதைச் செய்யும் கம்பனி தருமம் செய்வதாக நினைக்கத் தேவையில்லை. தன் இலாபத்தைக் காக்கும் முதல் ஆளுக்குச் சேர வேண்டிய மரியாதையைத்தான் அது கொடுக்கிறது.